நின்றால் தெரியும், நிற்காவிட்டால்?

1946 பிப்ரவரி. ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளி. எனியாக் கணினியை வெளியுலகுக்குக் காட்டப்போகும் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு. பீரங்கிக் குண்டு ஒன்று பாய்ந்து செல்லும் பாதையைப் பார்வையாளர்கள் முன்னால் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அதற்காக இயந்திரத்தைத் தயார் செய்திருந்தவர்கள் பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ் என்ற இரண்டு இளம்பெண்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஒரே ஒரு சிக்கல்: குண்டு தரையைத் தொட்டதும் நிற்க வேண்டிய கணக்கு நிற்கவில்லை. எனியாக்கைப் பொறுத்தவரை குண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது.

இருவரும் அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் ஸ்னைடர் வந்தார், நேராக ஒரு சுவிட்சிடம் போனார், அதைத் திருப்பி வைத்தார். குண்டு தரையில் நின்றது. இரவு தூக்கத்தில் விடை கிடைத்துவிட்டதாம். பல ஆண்டுகள் கழித்து ஜென்னிங்ஸ் இதைச் சொன்னார்.

டீபக்கிங்கின் வரலாறு என்றாலே ஹார்வர்டில் ரிலேக்குள் சிக்கிய அந்தப் பூச்சியிலிருந்துதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு இந்தக் குண்டுக் கதைதான் பொருத்தமான தொடக்கமாகப் படுகிறது. ஏனென்றால் இது ஒரு நிபந்தனையின் கதை. 'உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் நில்.' ஒரு கணினிக்கு ஓடச் சொல்லித்தருவது ஒரு வேலை. எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லித்தருவது வேறு வேலை. இரண்டாவதில்தான் நம்ம ஆட்கள் இன்றைக்கும் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம்.

'பிரேக்பாயிண்ட்' என்ற சொல்லுக்கும் இதே ஸ்னைடர்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. திருமணத்துக்குப் பிறகு ஹோல்பர்ட்டன் என்று அறியப்பட்டவர். எனியாக்கில் நிரல் என்பது கோப்பில் இருக்கும் எழுத்தல்ல, பலகைகளுக்கிடையே ஓடும் ஒயர்கள். ஒரு பகுதி தன் வேலையை முடித்ததும் அடுத்த பகுதிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். பிறகு நிதானமாக நியான் விளக்குகளைப் பார்த்து, எந்த அக்யூமுலேட்டரில் என்ன எண் இருக்கிறது என்று படிக்கலாம். ஒயரைப் பிடுங்கிய இடம்தான் பிரேக்பாயிண்ட். உவமை எதுவும் கிடையாது, நிஜமாகவே தொடர்பு அறுந்த இடம்.

அந்தப் பிரேக்பாயிண்ட்டுக்கு நிபந்தனை இல்லை. ஒயரைப் பிடுங்கினால் ஒவ்வொரு முறையும் நிற்கும். 'இந்த அக்யூமுலேட்டரில் எண் குறைந்துகொண்டே போய் எதிர்மறையானால் மட்டும் நில்' என்று ஒயரிடம் சொல்ல முடியாது. அதைப் பார்க்க மனிதக் கண் வேண்டும். நிபந்தனை அப்போது மனிதத் தலைக்குள் இருந்தது.

அதை அந்தத் தலையிலிருந்து எடுத்து இயந்திரத்திடம் ஒப்படைத்ததுதான் கண்டிஷனல் பிரேக்பாயிண்ட்டின் வரலாறு. ஒப்படைத்த பிறகு இரண்டு கேள்விகள் பிறந்தன. நிபந்தனையை யார், எங்கே உட்கார்ந்து சரிபார்ப்பது? அது சரியாகப் பார்க்கிறது என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது? முதல் கேள்விக்கு நிறைய பதில்கள் வந்துவிட்டன. இரண்டாவது கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதே இல்லை.

பூச்சிமருந்துகள்

நிரல் ஒயரிலிருந்து நினைவகத்துக்குள் போனதும் ஒயரைப் பிடுங்கும் வசதி போய்விட்டது. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949 மே மாதம் ஓடத் தொடங்கியது. இனி தன் வாழ்நாளின் பெரும்பகுதி சொந்த நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது என்று அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் பின்னாளில் எழுதினார். அங்கே வேலை செய்த ஸ்டான்லி கில் 1951இல் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். நிரலை நேரடியாக ஓடவிடாமல், இன்னொரு நிரல் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிறைவேற்றி, என்ன நடந்தது என்று அச்சடித்துக்கொண்டே போகும். ஒரு நிரலை இன்னொரு நிரல் கவனிப்பது என்ற எண்ணம் இப்படி வந்தது.

அடுத்த பெரிய அடி எம்.ஐ.டி.யில். அங்கிருந்த டிஎக்ஸ்-0 கணினிக்காக தாமஸ் ஸ்டாக்ஹாமும் ஜாக் டென்னிஸும் ஒரு டீபக்கர் எழுதினார்கள். பெயர் ஃப்ளிட். அமெரிக்கக் கடைகளில் அப்போது விற்றுக்கொண்டிருந்த பூச்சிமருந்தின் பெயர் அது. அதற்குப் பிறகு டெக் நிறுவனத்தின் பிடிபி-1 கணினிக்கு ஒரு டீபக்கர் வந்தபோது அதைவிடக் கடுமையான மருந்தின் பெயரை வைத்தார்கள்: டிடிடி. 'டெக் டீபக்கிங் டேப்' என்று அதற்கு ஒரு விரிவும் கண்டுபிடித்தார்கள். காந்திகிராமம் முதல் கலிஃபோர்னியா வரை எல்லா வீட்டுச் சுவரிலும் டிடிடி அடித்துக்கொண்டிருந்த காலம். அந்த நகைச்சுவை யாருக்கும் விளக்கத் தேவையில்லாமல் இருந்திருக்கும்.

டிடிடி பிடிபி-10 வரை வளர்ந்தபோது அதில் எட்டு பிரேக்பாயிண்ட்டுகள் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் அடுத்தடுத்து இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒன்றில், எந்த முகவரியில் நிற்க வேண்டும் என்பது. அடுத்ததில், நிற்கலாமா என்று தீர்மானிக்கும் ஒரு கட்டளை. அதற்கடுத்ததில், எத்தனை முறை நிற்காமல் கடந்துபோகலாம் என்ற எண்ணிக்கை. நிபந்தனை, எண்ணிக்கை: இன்றைய டீபக்கர்களின் மெனுவில் இருக்கும் இரண்டும் அறுபதுகளிலேயே வந்துவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த நிபந்தனை எங்கே இருந்தது என்பதை. டிடிடி, தான் கண்காணிக்கும் நிரலோடு அதே நினைவகத்தில்தான் குடியிருந்தது. நிபந்தனையும் ஒரு சாதாரண இயந்திரக் கட்டளை. அதைச் சரிபார்க்க எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரே வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரிடம் கேட்பது மாதிரி. வேகம் இருந்தது. பாதுகாப்பு இல்லை. கிறுக்குப் பிடித்த நிரல் ஒன்று நினைவகத்தில் கண்ட இடத்தில் எழுதினால் டீபக்கரின் மீதும் எழுதும். நோயாளியும் வைத்தியரும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள்.

ஒரு பைட்டின் விலை

எழுபதுகளில் யூனிக்ஸ் வைத்தியரைத் தனி வீட்டுக்கு அனுப்பியது. டீபக்கர் ஒரு ப்ராசஸ், கண்காணிக்கப்படும் நிரல் இன்னொரு ப்ராசஸ். நடுவே கெர்னல். ஒன்று மற்றொன்றின் நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் 'பிட்ரேஸ்' என்ற வாசல் வழியாக, கெர்னலிடம் அனுமதி கேட்டுத்தான் போக முடியும். நிரல் செத்தாலும் டீபக்கர் பிழைத்திருக்கும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கேள்வி கேட்பதற்கு விலை கூடிவிட்டது.

எவ்வளவு கூடியது என்பது புரிய, உள்ளே நடப்பதை ஒருமுறை மெதுவாகப் பார்க்கலாம். இன்டெலின் 8086 சிபியு 1978இல் வந்தது. அதன் வம்சத்தில் வந்த எல்லாவற்றிலும் ஒரு பைட் நீளமே உள்ள ஒரு சிறப்புக் கட்டளை உண்டு. நம் எண்முறையில் அதன் மதிப்பு 204. சிபியு அதைப் படித்தால் ஓட்டத்தை நிறுத்தி இயங்குதளத்தைக் கூப்பிடும். டீபக்கரில் ஒரு வரியில் பிரேக்பாயிண்ட் வைக்கும்போது, அந்த வரியின் முதல் பைட்டை எடுத்து பத்திரமாக வைத்துக்கொண்டு அதன் இடத்தில் 204ஐ எழுதுகிறது. அவ்வளவுதான். அது ஏன் ஒரே பைட்? இந்தச் சிபியுவின் மிகச்சிறிய கட்டளையின் நீளமும் ஒரு பைட்தான். அதைவிடப் பெரிதாக எழுதினால் பக்கத்துக் கட்டளையை மிதித்துவிடும். வேறெங்கிருந்தோ அந்தப் பக்கத்துக் கட்டளைக்குத் தாவி வரும் ஓட்டம் குப்பையைப் படிக்கும்.

இப்போது அதில் ஒரு நிபந்தனை சேர்ப்போம். 'ஆர்டர் எண் 7,31,204 ஆக இருந்தால் மட்டும் நில்.' நாம் மனதில் என்ன நினைக்கிறோம்? மற்ற ஆர்டர்களுக்கு நிரல் நிற்காது என்று. அது உண்மையில்லை. ஒவ்வொரு முறையும் நிற்கிறது. சிபியு 204ஐப் படிக்கிறது, கெர்னல் நிரலை உறங்க வைக்கிறது, டீபக்கரை எழுப்புகிறது. டீபக்கர் நிரலின் ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் எட்டிப் பார்த்து ஆர்டர் எண்ணை எடுக்கிறது, ஒப்பிடுகிறது. இல்லை. சரி, பழைய பைட்டை அதன் இடத்தில் வைக்கிறது, ஒரே ஒரு கட்டளை மட்டும் ஓடவிடுகிறது, மறுபடி நிறுத்துகிறது, திரும்ப 204ஐ எழுதுகிறது, ஓடவிடுகிறது. 'நிற்கவில்லை' என்று நாம் சொல்வது 'நின்றதை என்னிடம் சொல்லவில்லை' என்பதுதான்.

ஒரு கோடி முறை சுற்றும் ஒரு லூப், தனியாக ஓடினால் கண் இமைப்பதற்குள் முடியும். அதற்குள் இப்படி ஒரு நிபந்தனையை வைத்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெர்க்லியில் வந்த டிபிஎக்ஸ், நிபந்தனையை 'இஃப்' போட்டு மனித மொழிக்கு அருகில் எழுதும் வசதியைத் தந்தது. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜிடிபி அதை எல்லோருடைய கைக்கும் கொண்டுவந்தது. எழுதுவது எளிதானது. அடியில் விலை அப்படியேதான் இருந்தது.

கேள்வியை எங்கே வைப்பது

1990இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பீட்டர் கெஸ்லர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேகமான பிரேக்பாயிண்ட்டுகளைப் பற்றியது. யோசனை நேரடியானது: சிபியுவை நிறுத்தும் கட்டளைக்குப் பதில் ஒரு தாவல் கட்டளையை எழுது. ஓட்டம் தாவிப் போகும் இடத்தில் நிபந்தனையை இயந்திரக் கட்டளைகளாகவே வைத்துவிடு. நிபந்தனை பொய்யானால், யாரையும் எழுப்பாமல் ஓட்டம் திரும்பி வரட்டும். வைத்தியரைத் தனி வீட்டில் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் நோயாளியின் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார் கெஸ்லர். டிடிடி செய்ததற்கே ஒரு சுற்று சுற்றி வந்து சேர்ந்தோம்.

ஜிடிபியும் 2012இல் 7.5 பதிப்பில் இந்தத் திசையில் வந்தது. வேறொரு கணினியிலோ ஒரு சிறிய சர்க்யூட் பலகையிலோ ஓடும் நிரலை நெட்வொர்க் வழியாக டீபக் செய்யும்போது, ஒவ்வொரு நிபந்தனைக்கும் கம்பி வழியே போய்வருவது தாங்காது. நிபந்தனையைச் சிறிய பைட்கோடாக மாற்றி அந்தப் பக்கமே அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

ஜாவா உலகத்தில் கதை வேறு. ஜாவா டீபக்கர்கள் மெய்நிகர் இயந்திரத்தோடு பேசும் நெறிமுறையில், எண்ணிக்கையின்படி நிறுத்தும் வசதி உண்டு. நிபந்தனையின்படி நிறுத்துவதற்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அது எதிர்காலத்துக்கானது என்று ஒரு குறிப்பு. அந்த எதிர்காலம் இன்னும் வரவில்லை. ஆகவே ஐடிஇ ஒவ்வொரு முறையும் ஓட்டத்தை நிறுத்தி, மதிப்புகளைக் கேட்டு வாங்கி, தானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜாவாவில் நிபந்தனை வைத்ததும் நிரல் நொண்டுவதைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்களுக்கு இது ஒரு காரணமாவது தெரிந்திருக்கட்டும்.

வேகம் என்பது வெறும் பொறுமைப் பிரச்சினை என்றால் இத்தனை பேர் இத்தனை வருடம் மெனக்கெட்டிருக்க வேண்டாம். மெதுவான கேள்வி, பதிலையே மாற்றிவிடும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இரண்டு த்ரெட்டுகள் ஒரே கணக்கு இருப்பைத் தொட்டு, எப்போதாவது ஒருமுறை தொகை தப்பாக விழுந்துகொண்டிருந்தது. இருப்பு எதிர்மறையானால் நில் என்று ஒரு நிபந்தனை வைத்தோம். நாள் முழுக்க ஓடியது. நிற்கவே இல்லை. "டீபக்கர் போட்டா வரமாட்டேங்குது, எடுத்தா வந்துடுது" என்றார் பக்கத்து இருக்கை நண்பர். நிபந்தனையைச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட அந்த நேரத்தில் இரண்டு த்ரெட்டுகளும் ஒழுங்காக வரிசையில் வந்துவிட்டன. பிழை ஒளிந்துகொண்டது. இப்படிப்பட்டவற்றுக்கு 'ஹைசன்பக்' என்று ஒரு பெயர் உண்டு. டேண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே 1985இல் கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து எழுதிய அறிக்கையால் அது பரவலானது. மொஸில்லாவில் உருவாகி 2014இல் வெளிவந்த 'ஆர்ஆர்' என்ற கருவி இதற்கு ஒரு வழி காட்டியது: ஓட்டத்தை ஒருமுறை பதிவு செய்துவிடு, பிறகு அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டும்போது கேள்விகளைக் கேள். எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் நடந்துமுடிந்தது மாறாது.

மௌனத்தைச் சோதிப்பது

அந்த நாளில் எங்கள் டீபக்கர் நிற்கவில்லை. அதற்கு என்ன பொருள்? பிழை நடக்கவில்லை என்பது ஒரு பொருள். அந்த வரிக்கே ஓட்டம் வரவில்லை என்றாலும் நிற்காது. நிபந்தனையைத் தப்பாக எழுதியிருந்தாலும் நிற்காது. டீபக்கரிலேயே கோளாறு என்றாலும் நிற்காது. நான்குக்கும் திரையில் தெரிவது ஒன்றுதான்: ஒன்றுமில்லை.

நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. மதிப்புகளைப் பார்க்கலாம், நிபந்தனை உண்மைதானா என்று கண்ணால் சரிபார்க்கலாம். நிற்காததைச் சரிபார்க்கக் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஜிடிபியை எழுதியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அதன் நடத்தையில் ஒரு தடயம் உண்டு. நிபந்தனையில் ஒரு பாயிண்டரைப் பின்தொடர வேண்டியிருக்கிறது, போய்ப் பார்த்தால் அது எங்கேயும் சுட்டவில்லை. அல்லது கம்பைலர் அந்த மாறியையே நீக்கிவிட்டிருக்கிறது. நிபந்தனை உண்மையா, பொய்யா? இரண்டுமில்லை, தெரியாது. அந்த நேரத்தில் ஜிடிபி ஓட்டத்தை நிறுத்திவிடும். நிபந்தனையைச் சோதிப்பதில் பிழை என்று ஒரு வரி எழுதிக் காட்டும். தெரியாததைப் 'பொய்' என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம், பயனருக்குத் தொந்தரவு குறைவு. ஆனால் அப்படிச் செய்தால் மௌனத்துக்கு இன்னொரு பொருள் கூடிப்போகும். சந்தேகம் வந்தால் நில். எனக்குத் தெரிந்து டீபக்கர்களின் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்று இது.

எல்லா இடத்திலும் அது நம்மைக் காப்பாற்றாது. சி மொழியில் இரட்டைச் சமக்குறி ஒப்பிடும், ஒற்றைச் சமக்குறி மதிப்பை மாற்றும். ஜிடிபியின் நிபந்தனைக்கும் அதே விதிதான். இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டால், அந்த வரிக்கு வரும்போதெல்லாம் டீபக்கர் உங்கள் மாறியில் அந்த மதிப்பை எழுதிவிட்டு, நிபந்தனை உண்மை என்று நிற்கும். போய்ப் பார்த்தால் நீங்கள் தேடிய மதிப்பு அங்கேயே இருக்கும். தேடியதைக் கொண்டுவந்து வைத்ததே நீங்கள்தான். பூஜ்யத்தை ஒற்றைச் சமக்குறியோடு எழுதினால் இன்னும் மோசம்: மாறியைப் பூஜ்யமாக்கிவிட்டு, பூஜ்யம் என்றால் பொய் என்பதால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஜிடிபிக்கென்று ஒரு பெரிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட், மனிதர் தட்டச்சு செய்வதுபோல் கட்டளைகளை அனுப்பி, திரையில் வரும் பதிலை எதிர்பார்த்த பதிலோடு ஒப்பிடும். கண்டிஷனல் பிரேக்பாயிண்ட்டுக்கான பழைய சோதனை ஓட்டிப் பார்க்கும் நிரல், 6இன் ஃபாக்டோரியலைக் கணக்கிட்டு 720 என்று அச்சிடும் ஒரு சின்ன நிரல்தான். அதில் 'மார்க்கர்' என்ற பெயரில் சில வெற்று ஃபங்ஷன்கள். இரண்டாவது மார்க்கருக்கு 43 என்ற எண் போகும். அந்த மதிப்பு 43 ஆனால் நில் என்று நிபந்தனை வைத்து, நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

நிற்கும். ஆனால் நிபந்தனையைக் கண்டுகொள்ளாமல் எல்லா இடத்திலும் நிற்கும் ஓர் உடைந்த டீபக்கரும் இந்தச் சோதனையில் தேறிவிடும் அல்லவா? அதனால் எதிர்ப்பக்கச் சோதனையும் வேண்டும்: பொய்யான நிபந்தனையை வைத்து, நிற்காமல் போகிறதா என்று. அதை மட்டும் வைத்தால், எங்கேயுமே நிற்காத உடைந்த டீபக்கர் தேறிவிடும். வெறுமனே காத்திருந்து பார்ப்பதும் உதவாது. ஸ்கிரிப்ட் குறிப்பிட்ட நேரம் வரைக்கும்தான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால், மெதுவாக ஓடுகிறதா, தொங்கிப்போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது.

வழி என்னவென்றால் மௌனத்துக்குப் பின்னால் ஒரு காவலை வைப்பது. முதல் ஃபங்ஷனில் பொய்யான நிபந்தனை. அதற்கு அடுத்து நிச்சயம் வரப்போகும் ஃபங்ஷனில் நிபந்தனையற்ற பிரேக்பாயிண்ட். ஓட்டம் முதலாவதைத் தாண்டி இரண்டாவதில் வந்து நின்றால் மட்டுமே தேர்ச்சி. முதலாவதின் மௌனத்துக்கு இரண்டாவதின் சத்தம் சாட்சி.

இதை டீபக்கர் எழுதுபவர்கள் மட்டும் செய்ய வேண்டும் என்றில்லை. ஜிடிபி ஒவ்வொரு பிரேக்பாயிண்ட்டும் எத்தனை முறை தொடப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கும். ஆனால் நிபந்தனை பொய்யான முறைகளை அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே கணக்கு பூஜ்யம் என்றால், ஓட்டம் அங்கே வரவே இல்லையா, வந்து நிபந்தனை பொய்யானதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதே வரியில் நிபந்தனையில்லாத இன்னொரு பிரேக்பாயிண்ட் வைத்து, 'அடுத்த பத்து லட்சம் முறை கண்டுகொள்ளாதே' என்று சொல்லிவிடலாம். அது நிறுத்தாது, ஆனால் எண்ணும். ஓட்டம் முடிந்ததும் முதலாவது பூஜ்யம், இரண்டாவது 48,210 என்று வந்தால், 48,210 முறை கேள்வி கேட்கப்பட்டு, அத்தனை முறையும் 'இல்லை' என்று பதில் வந்திருக்கிறது என்று பொருள். இரண்டுமே பூஜ்யமானால் தேடும் இடமே தப்பு. வெறும் மௌனத்துக்கும் 48,210 'இல்லை'களுக்கும் உள்ள வித்தியாசம் சில வாரங்களை மிச்சப்படுத்தும்.

ஹோல்பர்ட்டனுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒயரைப் பிடுங்கியவர் அவர், விளக்குகளைப் பார்த்தவரும் அவர். இயந்திரம் நிற்காவிட்டால் அவர் கையில் ஒயர் இருக்காது. அந்த வேலையை நாம் டிடிடியிடம் கொடுத்தோம், பிறகு கெர்னலைத் தாண்டி வேறொரு ப்ராசஸிடம், பிறகு கம்பியைத் தாண்டி வேறொரு கணினியிடம். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் நாம் பார்க்காமல் விடும் நிறுத்தங்கள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

டீபக்கரில் மட்டுமா இது? சர்வர் நள்ளிரவில் விழுந்தால் போன் அடிக்கும் என்று நம்பி நாங்கள் தூங்கப் போகிறோம். அதுவும் ஒரு கண்டிஷனல் பிரேக்பாயிண்ட்தான், நிற்கப்போவது எங்கள் தூக்கம். போன் அடிக்காத இரவுகளில் எல்லாம் நலம் என்று பொருளா, கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை என்று பொருளா? எங்கள் குழுவில் மாதம் ஒருமுறை, வேண்டுமென்றே ஒரு பொய் விபத்தை உண்டாக்கி போன் அடிக்கிறதா என்று பார்க்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் "சும்மா இருக்கிற அலாரத்தை ஏன் சார் எழுப்பணும்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு நிபந்தனை எழுதி, அது எத்தனை முறை 'இல்லை' என்று சொன்னது என எண்ணிக் காட்டச் சொல்வேன்.